உப்பும் ஏசியும் போட்டுக் கொடுத்த பட்டியல்

அந்தமான் போகிறேன் என்று சொன்னதும், கேமரா வைத்திருக்கிற நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த லென்ஸ் எடுத்துட்டுப் போற?" என்பதுதான். லென்ஸ் கடைசியில் வரவேண்டிய விஷயம் என்பது என் கட்சி. தீவுக்குப் போகும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இந்தக் கேமராவைத் தண்ணீருக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக எனக்குத் தைரியம் வரும் என்பதைத்தான். மூன்று லட்ச ரூபாய் கேமராவை ஹோட்டல் அலமாரியில் பூட்டிவிட்டு, படகில் ஏறியதும் போனை ஜிப்லாக் கவருக்குள் போட்டுப் படமெடுக்கிறவர்களை ஹேவ்லாக் தீவில் எந்தப் படகுத்துறையிலும் பார்க்கலாம். அவர்களைக் குறை சொல்லவில்லை. பயம் நியாயமானது. அந்தப் பயத்தை வீட்டிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டு பை கட்டினால் போதும்.

நான் பட்டியலை ஆரம்பிப்பது கடிகாரத்திலிருந்து. அந்தமானில் ஓடுவதும் இந்திய நேரம்தான். ஆனால் தீவுகள் இருப்பது சென்னைக்குக் கிழக்கே சுமார் பன்னிரண்டு டிகிரி தள்ளி. அதனால் நம் ஊரைவிட ஏறத்தாழ 50 நிமிஷம் முன்னாலேயே பொழுது விடிந்து, முன்னாலேயே சாய்ந்துவிடும். ஜனவரி நடுவில் காலை ஐந்தே முக்காலுக்குச் சூரியன் மேலே வந்துவிடும். மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் கடலுக்குள் போய்விடும். "சாயங்காலம் ஆறு மணிக்கு பீச்சுக்குப் போகலாம்" என்று சென்னைப் பழக்கத்தில் கிளம்பினால் இருட்டில்தான் போய் நிற்போம். ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை மேற்கே பார்த்தது, அங்கே மாலை. காலாபத்தர் கிழக்கே பார்த்தது, அங்கே காலை. ஹோட்டலில் டிபன் தயாராவதற்குள் காலாபத்தரில் நல்ல வெளிச்சம் முடிந்துவிட்டிருக்கும்.

ஆக, படத்துக்கு உதவும் வெளிச்சம் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். நடுவில் இருக்கிற நீண்ட பகலில் நீங்கள் ஃபெர்ரியில் இருப்பீர்கள், அல்லது கழுத்தளவு தண்ணீரில் இருப்பீர்கள். இந்த இரண்டு பொழுதுக்கும் ஒரே கேமரா ஒத்துவராது. அதனால் என் பையில் இரண்டு தனித்தனிக் கூட்டங்கள்: காலை மாலைக்கு நல்ல கேமரா ஒன்று, பகலுக்கு நனைந்தாலும் பரவாயில்லை என்கிற கேமரா ஒன்று. மற்றதெல்லாம் இந்த இரண்டையும் உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவருவதற்கான சாமான்.

நல்ல கேமரா என்று நான் வைத்திருப்பது பழைய ஃபியூஜி எக்ஸ்-டி3. அதோடு 18-135 ஜூம் லென்ஸ், நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் எஃப் 2 திறப்புள்ள சின்ன 35 எம்எம் லென்ஸ் ஒன்று. பாடி 539 கிராம், ஜூம் 490, சின்னது 170. மூன்றும் சேர்ந்து ஒன்றேகால் கிலோவைத் தொடவில்லை. உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான் என்பதால் இந்தக் கணக்கு முக்கியம். வீட்டில் பை எடை போடும் கொக்கித் தராசில் தூக்கிப் பார்த்தபோது மனைவி கேட்டாள், "உங்க துணி எங்க இருக்கு இதுல?" துணி அவளுடைய பெட்டியில் இருந்தது. அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

இந்த இரண்டு லென்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவற்றின் கூர்மை கிடையாது. பாடியும் லென்ஸும் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் வைத்து, தூறலும் தூசியும் உள்ளே போகாமல் செய்யப்பட்டவை இரண்டும். இதை வாட்டர்ப்ரூஃப் என்று நினைத்துவிடக் கூடாது. படகில் முகத்தில் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அலையில் விழுந்தால் தாங்காது. 18-135 என்பது ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா கணக்கில் 27-லிருந்து 200 எம்எம் வரை போகும். அகலமாகக் கடற்கரையையும் எடுக்கலாம், தூரத்தில் தோணியில் நிற்கிற ஆளையும் எடுக்கலாம், நடுவில் லென்ஸைக் கழற்ற வேண்டாம். கடற்கரையில் லென்ஸ் மாற்றாமல் இருப்பதற்காகவே ஜூமின் சுமாரான திறப்பை நான் பொறுத்துக்கொள்கிறேன். அந்தமான் மணல் மாவு போன்ற நைசு. காற்றில் பறப்பது கண்ணுக்குத் தெரியாது, ராத்திரி ஜூம் வளையத்தைத் திருப்பும்போது 'கரகர' என்று காதுக்குத் தெரியும். சின்ன 35 எம்எம் மாலை ஐந்தரைக்கு மேல் வெளியே வரும்: செல்லுலார் சிறையின் ஒலி-ஒளிக் காட்சி, போர்ட் பிளேர் கடைத்தெரு, இரவுச் சாப்பாட்டு மேஜையில் மகளின் முகம். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், டிக்கெட்டில் எதைப் பார்த்தாலும் குழம்ப வேண்டாம். ஹேவ்லாக்கும் 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. ஆட்டோக்காரர்களிடம் பழைய பெயரே செல்லுபடியாகிறது.

தூரத்தைப் பக்கத்தில் இழுக்கும் 70-300 லென்ஸ் வேண்டாமா என்று கேட்பார்கள். பறவைக்காரர்களுக்கு மட்டும் வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் சிடியாதாப்பு என்று ஓர் இடம். பெயரே பறவைத் தீவு என்கிற மாதிரிதான். அந்தமானுக்கே உரிய கரிய மரங்கொத்தியும் பாம்புண்ணிக் கழுகும் அங்கே கிடைக்கும், உங்களுக்குப் பொறுமை இருந்தால். ஆனால் அந்தக் காட்டுக்குள் வெளிச்சம் மிகக் குறைவு. எஃப் 5.6 லென்ஸை வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓ 6400-க்கு (படம் புள்ளி புள்ளியாகும் அளவுக்கு) போவதற்கு மனசு தயாராக இருக்க வேண்டும். குடும்பத்தோடு போகிறவன் பறவைக்காகக் காலை முழுக்க உட்கார முடியாது என்பதால் நான் எடுத்துப் போவதில்லை. எடுத்துப் போகிறவர்கள் சுற்றுலாவுக்கு வந்தவர்கள் இல்லை, அவர்கள் வேறு ஜாதி.

இனி தண்ணீர். இங்கேதான் பணத்தை யோசித்துச் செலவழிக்க வேண்டும்.

எலிஃபண்ட் பீச்சில் ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாயோடு மிதந்து நீருக்கடியில் பார்ப்பது) செய்யாமல் ஹேவ்லாக்கிலிருந்து யாரும் திரும்புவதில்லை. முகத்தை நீருக்குள் விட்டதும் கீழே தெரியும் நிறங்களைக் கேமரா அப்படியே எடுத்துத் தராது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு. ஐந்து மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு பெரும்பாலும் போய்விடும், பத்து மீட்டரில் எல்லாமே நீலமும் பச்சையும்தான். பலரும் கவனிக்காதது என்னவென்றால், இந்தக் கணக்கு ஆழத்துக்கு மட்டும் இல்லை, தூரத்துக்கும் சேர்த்து. ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் பவளத்தை நான்கு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் வெளிச்சம் மொத்தம் ஐந்து மீட்டர் தண்ணீரைத் தாண்டி வருகிறது. எனவே நீருக்கடியில் ஜூமுக்கு வேலையே இல்லை. கை நீட்டினால் தொடும் தூரத்துக்குப் போய், ஆனால் தொடாமல், அகலமான லென்ஸில் எடுப்பதுதான் வழி. பவளத்தின் மேல் காலை வைத்து நிற்காதீர்கள். உடைந்த பவளம் மறுபடி வளர வருஷக்கணக்காகும். அது தவிர காலையும் அறுத்துவிடும், ஆறுவதற்கு நாளாகும்.

இந்த வேலைக்கு மூன்று வழி இருக்கிறது. முதலாவது, போனுக்குக் கழுத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் உறை. சில நூறு ரூபாய். ஃபெர்ரியிலும் படகிலும் இது அருமையான பொருள், கட்டாயம் வாங்குங்கள். நீருக்குள் அவ்வளவு அருமை இல்லை. தண்ணீருக்குள் தொடுதிரை சரியாக வேலை செய்யாது. உள்ளே முங்குவதற்கு முன்பே வீடியோவை ஓடவிட்டுவிட வேண்டும். என் போனே ஐபி68 (தண்ணீர் புகாத தரம்), உறை எதற்கு என்பவர்களுக்கு: அந்தச் சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். கடல் தண்ணீர் உள்ளே போனால் வாரண்டி கைகொடுக்காது.

இரண்டாவது, கோப்ரோ வகை ஆக்‌ஷன் கேமரா. ஹீரோ 5-இலிருந்து பெரும்பாலான மாடல்களில் தனிப் பெட்டி இல்லாமலேயே 10 மீட்டர் வரை இறங்கலாம். ஸ்நார்க்கலிங்குக்கு அது தாராளம். வெறும் கேமரா தண்ணீரில் மூழ்கிப் போகும் என்பதை மறக்காதீர்கள். ஆரஞ்சு நிற மிதக்கும் கைப்பிடி ஒன்றை மாட்டி, கயிற்றை மணிக்கட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பாதி நீர் பாதி வானம் என்று படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் கண்ணாடியை நாக்கால் ஒரு தரம் நக்கிவிட வேண்டும். நீர்த்துளி முத்து முத்தாக நிற்காமல் படலமாக வழிந்துவிடும். என் மகள் இதைப் பார்த்து முகம் சுளித்தாள், அப்புறம் தன் ஸ்நார்க்கல் கண்ணாடிக்குள் எச்சில் தடவும்படி படகுக்காரர் சொன்னபோது மறுபேச்சில்லாமல் தடவினாள்.

மூன்றாவது, ஒலிம்பஸ் டிஜி வரிசை. டிஜி-6, இப்போது ஓஎம் சிஸ்டம் பெயரில் டிஜி-7. 15 மீட்டர் வரை போகும், கீழே விழுந்தாலும் தாங்கும். இதன் பெருமை மைக்ராஸ்கோப் மோடு. லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் இருப்பதையும் ஃபோகஸ் செய்யும். கடல் வற்றிய பாறைக்குழியில் சோழி நகர்வதை, நண்டின் கண்ணை, இதில் எடுத்த மாதிரி வேறு எதிலும் எடுக்க முடிவதில்லை. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வீடியோவே பிரதானம் என்கிறவர்கள் ஆக்‌ஷன் கேமரா பக்கம் போகலாம்.

எந்த வாட்டர்ப்ரூஃப் கேமராவாக இருந்தாலும் அதன் ஆயுள் இருப்பது பேட்டரிக் கதவின் உள்ளே ஓடும் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தில். தண்ணீருக்குள் இறங்கும் முன் கதவைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு மணல் துகள், ஒரு தலைமுடி, துண்டிலிருந்து வந்த ஒரு நூல்: இவற்றில் ஏதாவது அந்த வளையத்தின் குறுக்கே கிடந்தால் போதும், அழுத்தம் கூடும்போது தண்ணீர் அந்த வழியாக வந்துவிடும். விரல் நுனியால் ஒருமுறை சுற்றித் தடவினால் கண்ணுக்குத் தெரியாத மணலும் தட்டுப்படும். இந்தச் சோதனையை அறையிலேயே முடித்துக் கதவை மூடிவிட வேண்டும். கடற்கரையில் திறக்கவே கூடாது. சன் ஸ்க்ரீன் பூசிய கையால் தொடவும் கூடாது, அந்தப் பிசுக்கு கண்ணாடியில் ஒட்டினால் அன்றைய படம் முழுக்கப் புகை மண்டலம்தான்.

காற்று உருளையோடு ஆழத்துக்கு இறங்கும் ஸ்கூபாவுக்குப் போகிறீர்கள், ஆனால் முதல் தடவை என்றால் கேமராவே வேண்டாம். பழக்கமில்லாதவர்களை அழைத்துப் போகும் டைவ் அதிகபட்சம் 12 மீட்டர். 10 மீட்டர் கேமராவை வெறுமனே கொண்டுபோக அந்தக் கணக்கே இடம் கொடுக்காது. பெரும்பாலான டைவ் சென்டர்களில் முதல்முறை இறங்குகிறவர் கையில் கேமரா கொடுக்கவும் மாட்டார்கள். மூச்சு விடுவதையும் காதடைப்பை எடுத்துவிடுவதையும் கவனிக்கவே இரண்டு கை போதாது. கூட வரும் பயிற்சியாளரே படமும் வீடியோவும் எடுத்து, மாலையில் பென் டிரைவிலோ போனிலோ ஏற்றித் தருவது ஹேவ்லாக்கில் சர்வசாதாரணம். பேசும்போதே இது கட்டணத்தில் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய கேமராவுக்கான நீர் புகாத பெட்டி வாங்குவதைப் பற்றி யோசிக்கிறவர்கள், அந்தப் பணத்தில் டைவிங் சான்றிதழ்ப் படிப்பையே முடித்துவிடலாம்.

தண்ணீருக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். ஏசிக்கு யாரும் பயப்படுவதில்லை. ஆனால் தீவில் படத்தைக் கெடுப்பதில் ஏசிக்குத்தான் முதலிடம்.

வெளியே 30 டிகிரி வெயில், காற்றில் 80 சதவீதம் ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் அதன் மேல் தண்ணீராகப் படியும். ஹோட்டல் அறையில் ராத்திரி முழுக்க 20-இல் ஏசி ஓடியிருக்கும். கேமரா மொத்தமும் 20 டிகிரிக்குக் குளிர்ந்து கிடக்கும். வெளியே எடுத்த மறு நொடி லென்ஸ் வியர்க்கும், ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வியர்ப்பது மாதிரி. முன்கண்ணாடியில் படிவதைத் துடைக்கலாம். துடைத்தாலும் மறுபடி படியும், ஏனென்றால் கண்ணாடி இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. உள்ளே கண்ணாடிகளுக்கு நடுவில் படிவதை யாரும் துடைக்க முடியாது. ராதாநகரில் ஒரு மாலை, வாடகைக் காரிலிருந்து இறங்கிய புதுமணத் தம்பதி கேமராவைத் திரும்பத் திரும்பச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கார் ஏசியில் முக்கால் மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்த கேமரா. சூரியன் இன்னும் நான்கு விரல் உயரத்தில் இருந்தது. பக்கத்தில் ஜோடிகளைப் படமெடுத்துப் பிழைக்கிற உள்ளூர்ப் பையன் ஒருவன். அவன் கேமராப் பையே துணிப்பை. மோட்டார் சைக்கிளில் முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தான். அவன் லென்ஸ் பளிச்சென்று இருந்தது. "பத்து நிமிஷம் வெயில்ல வைங்க சார், தொடாதீங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டு அவன் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

தீர்வு அவ்வளவுதான், செலவில்லாதது. கேமராப் பையை ராத்திரி ஏசி காற்று படாத இடத்தில் வையுங்கள்: மூடிய பால்கனி, ஜிப் போட்ட பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவில். அதற்கு வழியில்லை என்றால், அறையை விட்டுக் கிளம்பும் முன் கேமராவை ஜிப்லாக் கவரில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றைப் பிதுக்கிவிட்டு மூடி, வெளியே கொண்டுபோய் அரை மணி நேரம் விடுங்கள். ஈரக்காற்று கேமராவைத் தொடாமல் கவரைத் தொட்டு வியர்க்கும். அதற்குள் கேமரா சூடேறிவிடும். காலை நாலரைக்கு எழுந்து காலாபத்தர் போகிறவர்கள் அலாரம் அடித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பல் தேய்ப்பதற்கும் முன்னால், கேமராவைக் கவரோடு வராந்தாவில் வைப்பது. காரில் போகும்போது பையை டிக்கியில் போடுங்கள். அங்கே ஏசி வராது.

சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. புதுச் செருப்பு டப்பாவிலிருந்து எடுத்த பொட்டலம் எப்போதோ ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும், அதைப் பைக்குள் போடுவது மனத்திருப்திக்குத்தான். நிறம் மாறும் வகையை வாங்கினால் தெரிந்துவிடும். ஆரஞ்சு பச்சையானதும் பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சாகும். அந்த வாணலியை அதன்பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள். கேமரா நனைந்தால் அரிசியில் புதைத்து வை என்று சொல்பவர்களைக் கண்டால் விலகி நடக்கவும். அரிசித் தூசி ஜூமுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உப்புக்காக நான் எடுத்துப் போவது வேட்டித் துணி. பழைய பருத்தி வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து ஐந்தாறு துண்டு. ஃபெர்ரியில் மேல்தளத்தில் நின்றாலே கேமராவில் உப்புப் படிந்துவிடும். காய்ந்த துணியால் துடைத்தால் அந்த உப்புப் பரலே கண்ணாடியில் கோடு போடும். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதித் தள்ளி, அப்புறம் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் பாடியை ஒற்றி எடுத்து, கடைசியில் காய்ந்த துண்டு. வாட்டர்ப்ரூஃப் கேமராவுக்கு இன்னும் எளிது: குளியலறை வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து, அதில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலையில் பொத்தானின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து, அழுத்தினால் திரும்பி எழாமல் நிற்கும்.

ஹோட்டல் குளியலறையில் வைக்கும் தலைக்கு மாட்டும் பிளாஸ்டிக் தொப்பியை விட்டுவிடாதீர்கள். தூறலில் கேமராவுக்கு அதைவிட நல்ல குடை கிடையாது. அந்தமானில் வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மே மூன்றாம் வாரத்திலேயே தென்மேற்குப் பருவக்காற்று அங்கே வந்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு, கடலும் அமைதி. மே இறுதியில் போகிறவர்கள் மேலே சுருட்டி மூடும் டிரை பேக், 10 லிட்டர் அளவில், கட்டாயம் வாங்க வேண்டும். மற்றவர்களும் வாங்கலாம். எலிஃபண்ட் பீச் படகிலிருந்து இறங்கும்போது முழங்கால் நனைய வேண்டியிருக்கும், தடுமாறினால் இடுப்பும் நனையும்.

ஃபில்டர்களில் போலரைஸர் ஒன்று போதும். நீரின் மேல் பளபளக்கும் வெளிச்சத்தை வெட்டிவிட்டு அடியில் இருக்கும் பச்சையையும் நீலத்தையும் காட்டுவது அதுதான், இதைக் கம்ப்யூட்டரில் பிறகு செய்துகொள்ள முடியாது. நீர்ப்பரப்பை ஏறத்தாழ 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது அதன் வேலை உச்சத்தில் இருக்கும். நேர் கீழே குனிந்து பார்த்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதால் மாலையில் கழற்றிவிடுங்கள். இன்னொன்று: வெள்ளை மணலைப் பார்த்ததும் கேமரா மிரண்டு படத்தை இருட்டாக்கும், மணல் சாம்பல் நிறத்தில் வரும். எக்ஸ்போஷரை முக்காலிலிருந்து ஒரு ஸ்டாப் ஏற்றிக்கொள்ளுங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்தால் பிறகு சரிசெய்ய இடம் இருக்கும்.

டிரைபாட் எடுப்பதா வேண்டாமா என்பதை நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்கிறேன். போகும் நாள் அமாவாசையை ஒட்டி இருந்தால் எடுப்பேன். நிலா இல்லாத இரவுகளில் ஹேவ்லாக்கில் தண்ணீரைக் கையால் கலைத்தால் நீலமாக ஒளிரும், நுண்ணுயிர்கள் செய்யும் வேலை. அதைப் படமெடுக்க எஃப் 2 லென்ஸ், பல நொடி எக்ஸ்போஷர், அசையாத கால், மூன்றும் வேண்டும். துடுப்புப் படகில் உட்கார்ந்துகொண்டு இது நடக்காது, கரையில் நின்றால்தான் நடக்கும். படகில் போனால் கேமராவைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கையை நீரில் விட்டு விளையாடுங்கள். பௌர்ணமியை ஒட்டிப் போனால் டிரைபாட் வீட்டில் இருக்கட்டும். நீல் தீவின் இயற்கைப் பாலத்துக்கும் நிலாவுக்கும் சம்பந்தம் உண்டு: கடல் வற்றியிருக்கும்போதுதான் அந்தப் பாறை வளைவுக்கு அடியில் போய் நிற்க முடியும். வற்றும் நேரம் தினமும் ஐம்பது நிமிஷம் போலத் தள்ளிப்போகும். முந்தைய நாளே ஹோட்டல்காரரிடம் நேரம் கேட்டு வையுங்கள். வண்டிக்காரர் கொண்டுபோய் விடும் நேரத்தில் பாலம் இடுப்பளவு தண்ணீரில் நிற்கலாம்.

டிரோன் வேண்டாம். முப்படைகளுக்கும் சேர்த்து நாட்டின் முதல் கூட்டுக் கட்டளைத் தலைமையகம் 2001-இல் உருவானது இந்தத் தீவுகளில்தான். அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வம்பு நிச்சயம். விமான ஓடுபாதையும் கடற்படையோடு பங்கிட்டுக்கொள்வது; அங்கே படமெடுக்கக் கூடாது. பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் கறாரான விஷயம் ஒன்று. ஜிர்காடாங் சோதனைச் சாவடி தாண்டியதும் சாலை ஜாரவா மக்களின் காப்புக்காட்டுக்குள் போகிறது. வண்டிகளைக் கூட்டமாகத்தான் விடுவார்கள், நிறுத்தக் கூடாது. அந்த மக்களைப் படமெடுப்பது சட்டப்படி குற்றம், சிறைக்கே போக வேண்டி வரும். பழங்குடிகள் பாதுகாப்புச் சட்டம் 1956-இலிருந்து இருக்கிறது, 2012-இல் தண்டனையைக் கூட்டினார்கள். எங்களை அழைத்துப் போன தமிழ் டிரைவர், சாவடி வருவதற்கு முன்பே திரும்பி, "சார், கேமராவை உள்ள வச்சு ஜிப் போட்டுடுங்க. போனையும்தான், பாப்பா" என்றார். சட்டம் இல்லாவிட்டாலும் அங்கே கேமராவை வெளியே எடுக்கக் கூடாது என்பது என் எண்ணம். சாலையோரம் நிற்கிற மனிதர்களை வண்டி ஜன்னலிலிருந்து வேடிக்கை காட்டுவதற்குப் படமெடுப்பது என்ன பழக்கம்?

சார்ஜும் சேமிப்பும். ஃபியூஜி பேட்டரி ஒன்று கம்பெனிக் கணக்கில் 390 படம், என் கணக்கில் அதைவிடக் குறைவு. மூன்று எடுத்துப் போவேன். தனி பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. பவர் பேங்க் 100 வாட் அவருக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட் அவர், கவலையில்லை. படங்களை ராத்திரி இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று நம்பி வராதீர்கள். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் ஹோட்டல் வைஃபையில் ரா ஃபைல்கள் ஏறுவதற்குள் விடுமுறை முடிந்துவிடும். நான் எக்ஸ்-டி3-இன் இரண்டு கார்டு இடத்திலும் ஒரே படம் பதியும்படி வைத்துவிடுவேன். ஒரு கார்டு கேமராவில், முந்தைய நாள் கார்டு மனைவியின் கைப்பையில்.

கேமராவே வாங்க வேண்டாம், போன் போதும் என்கிறவர்கள் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது பிளாஸ்டிக் உறை, டிரை பேக், வேட்டித் துணி, ஏசி எச்சரிக்கை. மொத்தச் செலவு இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். டிஜி மாதிரி கேமரா ஒரு வாரத்துக்கு மட்டும்தான் வேண்டும் என்றால் வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது கடையிலேயே பேட்டரிக் கதவைத் திறந்து ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடிப்போ நசுங்கலோ இருந்தால் வேறு கேமரா கேளுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் பையை அப்படியே அலமாரியில் தள்ளிவிடாதீர்கள். தோள்பட்டை வார் உப்புத் தண்ணீரைக் குடித்திருக்கும், அது காயவே காயாது. கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். பையை உதறி, வெறும் பையாக ஒரு நாள் வெயிலில் போடுங்கள். கேமராவும் லென்ஸும் டிரை பாக்ஸுக்குள், ஈரப்பதம் 40-லிருந்து 50-க்குள். அடுத்த சில வாரங்களில் ஒரு தடவை லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். ஓரத்திலிருந்து மெல்லிய வெள்ளை இழைகள் கிளம்பியிருந்தால் அது ஃபங்கஸ். அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் துடைத்துக் கொடுத்துவிடுவார். கண்ணாடியின் பூச்சை அரிக்க ஆரம்பித்த பிறகு போனால், வேறு லென்ஸ் வாங்கச் சொல்வார்.